இப்போதைக்கு ஒரு பலகை

என் அத்தானுக்கு ‘இப்போதைக்கு’ என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. சொந்த வீடு கட்டி அக்காவும் அவரும் குடிபோன முதல் மாதமே பின்கதவுத் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. “இப்போதைக்கு இது இருக்கட்டும்” என்று ஒரு கம்பியை வளைத்து மாட்டினார். அந்தக் கம்பி இருபத்தாறு வருஷம் அங்கேயே தொங்கியது. அதில் கையைக் கிழித்துக்கொள்ளாத ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

வேலை தெரியாதவர் என்றால் மன்னித்து விட்டிருப்பேன். அத்தான் டைல்ஸ் ஒட்டுகிறவர். அடுத்தவர் வீட்டில் அவர் போட்ட குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், ஒரு சொட்டு தேங்காமல் நேராகக் குழாய்க்குள் போகும். ரசமட்டத்தை வைத்துவிட்டு, அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சுகூட விடமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் தன் வீட்டுக் குளியலறையைப் போட்ட லட்சணம் என்னவென்றால், தண்ணீர் எல்லாம் மூலையில் போய்த் தேங்கும், அக்கா தினமும் துடைப்பத்தால் தள்ளிவிடுவாள். டைல்ஸும் ஒரே மாதிரி கிடையாது. போகிற வீட்டில் எல்லாம் மிச்சப்பட்டதைக் கொண்டுவந்து ஒட்டியது. நீலம், பச்சை, பூப்போட்டது, கட்டம் போட்டது. “ஒரே நேரத்துல ஒன்பது வீட்டுல குளிக்கிறவ நான் ஒருத்திதான்டி” என்பாள் அக்கா.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். சமையல் மேடைதான் விஷயம்.

அத்தான் நல்ல உயரம். அக்கா அவர் தோளுக்குக் கீழே நிற்பாள். மேடை கட்டுகிற அன்றைக்கு அக்கா எங்கள் அம்மா வீட்டில் இருந்தாள். இவர் சுவரோரம் தானே நின்று, இடுப்பில் கையை வைத்து, “இங்க சரியா இருக்கும்” என்று கோடு போட்டுக் கட்டி முடித்துவிட்டார். அக்கா வந்து அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள். பாத்திரத்தின் வாய் அவள் மார்புக்கு நேராக இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன் அத்தான், சமைக்கப் போறது நீங்களா? நான் தையல்காரி. உடுத்துறவங்க உடம்பைத்தான் அளப்பேன். என் உடம்பை அளந்து ஊருக்கெல்லாம் ஜாக்கெட் வெட்டினா எப்படி இருக்கும்?”

அவர் முகம் விழுந்துவிட்டது. வெளியே போய், கதவு நிலை செய்து மிச்சமிருந்த ஒரு கனமான பலகையை எடுத்துவந்தார். ஓரத்தில் பச்சை பெயின்ட் வழிந்திருந்தது. அடியில் இரண்டு கட்டையை அறைந்து மேடைக்கு முன்னால் போட்டார்.

“இப்போதைக்கு இதுமேல நின்னுக்கோ. அடுத்த மாசம் இடிச்சு இறக்கித் தர்றேன்.”

அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. அக்கா பலகைமேல் ஏறிச் சமைத்தாள், இறங்கி அரிசி எடுத்தாள், மறுபடி ஏறினாள். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போக வேண்டுமானால் பலகையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போவாள். அந்தக் கரகர சத்தத்தை வைத்தே அவள் அடுப்படியில் எங்கே நிற்கிறாள் என்று கூடத்திலிருந்து சொல்லிவிடலாம். அவர்கள் மகள் சின்ன வயதில், “அம்மா பஸ் ஏறிட்டாங்க, அம்மா பஸ் இறங்கிட்டாங்க” என்று பாட்டாகவே பாடுவாள். பத்துப் பதினைந்து வருஷத்தில் பலகையில் அக்காவின் இரண்டு பாதமும் பட்ட இடம் தேய்ந்து பளபளத்துவிட்டது.

அவள் கேட்காமல் இல்லை. முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள், அப்புறம் அழுதுகொண்டு கேட்டாள், ஒரு தடவை இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார். மறுநாள் விடிந்ததும் சிமெண்ட் மூட்டையை யார் வீட்டுக்கோ தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு கட்டத்தில் அக்கா கேட்பதையே நிறுத்திவிட்டாள். “கேட்டுக் கேட்டு வாய்தான் வலிச்சுதுடி. காலுக்குப் பழகிடுச்சு, விடு” என்றாள்.

பிறகு அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். எங்கள் ஊரில் அந்த வசதி இல்லை. பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வரும்போது அவள் தலையைத் தூக்கவே முடியாமல் அத்தான் தோளில் சாய்ந்துகொண்டு வருவாள். நகரத்தில் வேலை பார்க்கிற மகள் ஒரு நாள் போன் பண்ணினாள். “சித்தி, என் ரூம் பக்கத்துலயே ஒரு சென்டர் இருக்கு. நடந்தே போயிடலாம். ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணாம் தேதியிலிருந்து அம்மாவுக்கு இடம் தர்றேங்குறாங்க. வீட்டை வித்துட்டு வந்துடச் சொல்லுங்க. அம்மா இன்னும் இப்படியே பஸ்ல அலைஞ்சா தாங்கமாட்டாங்க.”

அத்தான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. புரோக்கரைக் கூட்டிவந்தார். புரோக்கர் கம்பித் தாழ்ப்பாளைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், அட்டை ஒட்டியிருந்த ஜன்னலைப் பார்த்தார். “மேஸ்திரி வீடுன்னு சொன்னாங்களே” என்றார். அத்தானுக்கு அது சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும். மறுநாளே கையிலிருந்த வேலைகளை எல்லாம் வேறு ஆட்களிடம் விட்டுவிட்டுத் தன் வீட்டில் சுத்தியலை எடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நேராகப் போய்க் கேட்டுவிட்டேன்.

“எவனோ ஒரு புரோக்கர் மூக்கைச் சுளிச்சதும் கைக்கு வேகம் வந்துடுச்சா? இத்தனை வருஷமா எங்க அக்கா கத்தினது காதுல விழலையா? அவளுக்குச் செய்யாததை, வாங்கப் போற முன்பின் தெரியாதவனுக்குச் செய்றீங்களா?”

அவர் பூப்போட்ட டைல்ஸ் ஒன்றை உளியால் நெம்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “தூசி பறக்குது வாயாடி, அக்காவை முன்னாடி ரூம்ல உட்கார வை” என்றார். அவ்வளவுதான் பதில்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் வேலை செய்வதை அதற்கு முன்னால் நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. தாழ்ப்பாள் மாறியது. ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. குளியலறைத் தரையை முழுக்கப் பெயர்த்து, சரிவு பார்த்து, ஒரே வெள்ளை டைல்ஸாகப் போட்டார். மகள் விடுமுறைக்கு வந்த நாட்களில் கதவுகளுக்கு பெயின்ட் அடித்தாள், நான் திரைச்சீலை தைத்தேன். அக்கா மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள். பெயர்த்துப் போட்ட துண்டுகளைப் பார்த்து, “அந்தப் பச்சை யாரு வீட்டுது, டாக்டர் வீட்டுதா?” என்று கேட்பாள். “இல்ல, பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்” என்பார் அவர். “அடப்பாவி மனுஷா, இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே!” என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. சிரித்து முடித்ததும் அவளுக்கு இளைக்கும், அத்தான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவார்.

மூன்றாவது வாரம் வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வந்தார். பின்பக்கத்துத் தெருவில் கிடங்கு வைத்திருப்பவர். அத்தான் குளியலறையில் மிஷின் வைத்து டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார், காது கிழிகிற சத்தம். வந்தவர் வாசலிலிருந்து பின்சுவர் வரை டேப் பிடித்து அளந்தார். லாரி திரும்புமா என்று தெருவைப் பார்த்தார். உள்ளே இரண்டடி வைத்தவர் அதோடு திரும்பிவிட்டார். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அடுப்படியைப் பார்க்கலையே?” என்றாள்.

“பரவால்லம்மா.”

“வீடு வாங்குறவங்க அடுப்படியைப் பார்க்காம போவாங்களா? கட்டடத்தை என்ன பண்ணப் போறீங்க?”

அவர் நல்ல மனுஷன்தான். பொய் சொல்லத் தெரியவில்லை. “எடுத்துடுவோம்மா. வண்டி நிறுத்த இடம் வேணும். அதுக்காக விலையில கைவைக்க மாட்டேன்” என்றார்.

உள்ளே மிஷின் சத்தம் நின்றது, அத்தான் அடுத்த டைல்ஸை எடுக்கப் பின்பக்கம் போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அத்தானிடம் சொல்லி, அந்தச் சுத்தியலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவளை இந்தத் தூசியிலிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. அதில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை.

“ஐயா, ஒரு உதவி பண்ணுங்க” என்றாள் அவரிடம். “இடிக்கப் போறதை என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லாதீங்க. நாங்க போன பிறகு என்ன வேணா பண்ணிக்கோங்க.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் வெடித்தேன். “உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாக்கா? இடிக்கப் போற வீட்டுக்கு அத்தான் முதுகு ஒடியச் செஞ்சுக்கிட்டிருக்காரு. நீ தூசியைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்க!”

“கத்தாதடி. அடுத்தது மேடைதான்னு நேத்து சொன்னாரு.” அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். “இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்பதான் மேடைக்கு வந்திருக்காரு. இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா சுத்தியலைக் கீழே வெச்சுடுவாரு. அப்புறம் எனக்கு எப்பவுமே கிடைக்காதுடி. பத்து நாள் நின்னாலும் நின்னுட்டுப் போறேன். நீ சொன்னேன்னா, சத்தியமா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தான் அடுப்பை இறக்கி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி, அடுப்படிச் சுவரோரம் நிற்க வைத்தார். அவள் கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கொஞ்சம் குனிஞ்சுட்டியே” என்றார்.

“கட்டின அன்னைக்கே அளந்திருந்தா நேரா நின்னிருப்பேன்” என்றாள் அக்கா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மேடைக் கல்லைத் தூக்க எங்களை விலகச் சொன்னார்.

மேல் கல்லை எடுத்து, செங்கலில் இரண்டு வரிசைக்குக் கொஞ்சம் கூடவே குறைத்து, மறுபடி கல்லைப் பதித்தார். மூன்று நாள் ஆயிற்று. ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தார், குறுக்கே வைத்தார், மறுபடி நீளவாக்கில் வைத்தார். பின்சுவரில் வெளிர்மஞ்சள் டைல்ஸ், இடுக்கில் ஒரு மயிரிழை பிசகு இல்லை. நாலாவது நாள் காலையில் அடுப்பை ஏற்றி வைத்துவிட்டு, “வா, பாரு” என்றார்.

அக்கா டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். மேடை முன்னால் வந்ததும் அவளுடைய வலதுகால் தானாக உயர்ந்தது. பலகை இல்லை. அந்தக் கால் அந்தரத்தில் தடுமாறி, தரையில் தொப்பென்று விழுந்தது. அவள் முன்னால் சாய்ந்து இரண்டு கையையும் கல்லில் ஊன்றிக்கொண்டாள். அத்தான் பாய்ந்து வந்து தோளைப் பிடித்தார்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கால் பஸ் ஏறப் பார்த்துச்சு” என்றாள். ஊன்றிய கைகளை அவள் எடுக்கவே இல்லை. கல்லை அப்படியே தடவிக்கொண்டு நின்றாள். “எட்டுதுங்க” என்றாள். “நல்லா எட்டுது.” கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அத்தான் சிமெண்ட் பூசுகிற கரண்டியைக் கழுவ வேண்டும் என்று ஏதோ முனகிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கக் கூடாது என்று அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அவள் எங்கள் எல்லோருக்கும் டீ போட்டாள். அவளுக்குத் தண்ணீரே அளந்துதான், அதனால் தன் பங்குக்கு மூடியில் கொஞ்சமாக ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டாள்.

அந்த மேடையில் அவள் பதினோரு நாள் சமைத்தாள். நிற்க முடியாத நாளில்கூட ஒரு முட்டையாவது பொரித்துவிட்டுத்தான் போய்ப் படுத்தாள். ஒவ்வொரு தடவையும் முதலில் கால் உயரும், பிறகு அவள் அதைத் திட்டி இறக்குவாள். அத்தான் பலகையைத் தூக்கிப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போட்டார். “இனிமே இது எதுக்கு” என்றார். அவ்வளவு பெருமையாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. சாமான் ஏற்றிய அன்றைக்கு வீட்டைக் கழுவித் துடைத்து, மேடையை ஒரு தடவை தன் தோள்துண்டால் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். “மஞ்சள் டைல்ஸ்ல கறை பட்டா உடனே துடைக்கச் சொல்லுங்க” என்று கிடங்குக்காரரிடம் சொன்னார். கிடங்குக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் லாரியைப் பார்த்தேன்.

நகரத்து வாடகை வீட்டுக்கு நானும் கூடப் போனேன். எல்லாம் வசதிதான், ஐந்து நிமிஷ நடையில் சென்டர். அடுப்படிக்குப் போன அக்கா, “அடியே, இங்க வாங்க எல்லாரும்” என்று கூப்பிட்டாள். மேடை அவள் மார்புக்கு இருந்தது.

“பலகையை எடுத்துட்டு வந்திருக்கலாம்” என்றாள்.

அத்தான் இரண்டு பக்கமும் பார்த்தார். வெளியே போய் நாலு செங்கலைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார். “இப்போ—” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சொல்லுங்க, சொல்லுங்க. இப்போதைக்கு, அப்படித்தானே?” என்றாள் அக்கா. சிரித்தோம் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்க்கும்வரை சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

நாலாவது மாதம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஓடினேன். டாக்டர் வெளியே வந்து, “இப்போதைக்கு ஒண்ணும் பயமில்ல” என்றார். அந்த வார்த்தையை எத்தனை வருஷமாகக் கேட்டவள் நான், நம்பவில்லை. அத்தான் மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம் அக்கா போய்விட்டாள்.

வீட்டை அவர்கள் காலி செய்த வாரமே இடித்துவிட்டார்கள். என் தையல் கடை அங்கிருந்து இரண்டு தெரு. இடிக்கிற சத்தம் கடைக்கே கேட்டது. அதற்குப் பிறகு நான் அந்தத் தெரு வழியாகப் போவதே இல்லை, சுற்றித்தான் போகிறேன்.

அக்கா போன ஆறாவது வாரம், ஒரு காலையில் அத்தான் கடை வாசலில் வந்து நின்றார். வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. ஆள் பாதியாகியிருந்தார். ஸ்டூலைப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தார்.

“அந்தப் பலகையை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார்.

என் கால் மிஷின் பெடலிலேயே நின்றுவிட்டது.

“வீடு இல்ல, வாயாடி. தரைமட்டமா இருக்கு. லாரி நிக்குது.”

“அத்தான்—”

“பலகை இருக்கு. வாட்ச்மேன் ரெண்டு கல்லு மேல போட்டு உட்கார்ந்திருக்காரு. பச்சை பெயின்டைப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. வயசானவரு. எழுந்திருங்கன்னு சொல்ல மனசு வரல. கொஞ்ச நேரம் பார்த்துட்டு வந்துட்டேன்.”

அவர் காலி டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளைக் குத்தம் சொல்ல முடியாது. வாங்கின இடம், அவரு இஷ்டம். அந்தப் பதினோரு நாள் அவ நின்னாளே, அது போதும் எனக்கு.” தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு மட்டும் நல்லதாப் போச்சு. இடிக்கப் போறாங்கன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே மனசு ஒடிஞ்சு போயிருப்பா, இல்ல?”

என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்ன எந்த வார்த்தைக்கும் நான் எதிர்வார்த்தை சொல்லாமல் விட்டதில்லை.

“ஆமா அத்தான்” என்றேன். “அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் தலையாட்டிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் அங்கே நின்றாள் என்று என்றைக்காவது ஒரு நாள் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். இப்போதைக்கு இருக்கட்டும்.